சபையா உபவாசம் இருக்கோம், ஆனா ஜெபக்குறிப்புலயே முடிவு எழுதியாச்சு

கடைசிவரிசை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க சபைல இப்ப இருக்குற கட்டடத்தை வித்துட்டு பெரிய இடத்துக்கு போலாமா, இல்ல இங்கயே இருந்து ரெண்டு ஆராதனையா பிரிச்சுக்கலாமான்னு ரொம்ப நாளா இழுபறி. கமிட்டில பாதி பேர் அந்தப் பக்கம் பாதி பேர் இந்தப் பக்கம், போன மீட்டிங்ல சத்தமே போட்டுக்கிட்டாங்க. இப்ப பாஸ்டர் கர்த்தரோட சித்தத்தை தேடுவோம்னு சொல்லி சபை முழுசுக்கும் ஒரு வாரம் உபவாச ஜெபம், ஆளுக்கு ஒரு நேரம்னு மாறி மாறி விடாம ஜெபிக்கிற சங்கிலி ஜெபம்னு அறிவிச்சிருக்காரு. அது எனக்கு சந்தோஷம்தான். ஆனா கைல குடுத்த ஜெபக்குறிப்பு பேப்பர்ல முதல் வரியே "புதிய இடத்தைக் கர்த்தர் திறந்து தரும்படி", ரெண்டாவது "தடை செய்கிற ஆவிகள் கட்டப்படும்படி". அப்ப போக வேணாம்னு சொல்றவங்கதான் தடையா? இது வழிநடத்துதல் கேக்குறதா இல்ல எடுத்த முடிவுக்கு சீல் குத்துறதான்னு புரியல. இன்னொண்ணு, எங்க அம்மாவுக்கு சுகர், மாத்திரை இன்சுலின் ரெண்டும் உண்டு, நானும் இருந்தே தீருவேன்னு நிக்கிறாங்க, ஏன்னா இருக்காதவங்கள ஒரு மாதிரி பாக்குறாங்க. என்ன பண்றது?

பெரேயாக்காரன்:
பிரதர், அந்த ரெண்டாவது வரி ரொம்ப தப்பு, மாத்த சொல்லுங்க. நியாயாதிபதிகள் 20 எடுத்து படிங்க. இஸ்ரவேல் தங்களோட சொந்த கோத்திரமான பென்யமீன் மேல சண்டைக்கு போகணும்னு முதல்லயே தீர்மானம் பண்ணிட்டு, கர்த்தர்கிட்ட கேட்டது "எங்கள்ல யார் முதல்ல போறது"ன்னு மட்டும்தான். இஸ்ரவேல் பக்கம் 22,000 பேர் செத்து விழுந்தாங்க. அப்புறம் அழுதுட்டு போலாமான்னு கேட்டாங்க, அப்பவும் 18,000 பேர். மூணாவது தடவைதான் சாயங்காலம் வரைக்கும் உபவாசம் இருந்து, போலாமா இல்ல விட்டுரலாமான்னு ரெண்டு பக்கமும் திறந்து வச்சு கேட்டாங்க. உங்க பேப்பர் இன்னும் முதல் கேள்விலயே நிக்குது.

சங்கிலிஜெபம்:
பெரேயா பிரதர், மூணு தடவையும் கர்த்தர் போகச் சொல்லித்தான் பதில் சொன்னாரு, அதனால தோத்ததுக்கு கேள்விதான் காரணம்னு வசனத்துல இல்ல, நீங்களா சேக்குறீங்க. ஆனா பேப்பர் விஷயத்துல உங்களோட ஒத்துப்போறேன். எனக்கு இதுல அப்போஸ்தலர் 13தான் பிடிக்கும். அந்தியோகியாவுல அஞ்சு பேர் ஆராதனை பண்ணி உபவாசம் இருக்கும்போதுதான் பர்னபாவையும் சவுலையும் பிரிச்சு விடுங்கன்னு ஆவியானவர் சொல்றாரு. அவங்க இன்ன பதில் வேணும்னு லிஸ்ட் வச்சுட்டு உக்காந்த மாதிரி அங்க தெரியல. அதவிட, பதில் வந்த பிறகும் மறுபடி உபவாசிச்சு ஜெபம் பண்ணிதான் கை வச்சு அனுப்புறாங்க, நம்ம சபைகள்ல பதில் வந்த அன்னிக்கே அட்வான்ஸ் குடுக்க ஓடிருவோம். அதனால பிரதர் ரொம்ப ஆராய்ச்சி பண்ணிட்டு வெளிய நிக்காதீங்க, உள்ள போய் எல்லாரோடயும் முழங்கால்ல நில்லுங்க. சத்தம் போட்ட ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல ஜெபிச்சாலே பாதி விஷயம் இறங்கிரும்.

நைட்டூட்டி_நர்ஸ்:
அம்மா விஷயத்துக்கு மட்டும் வரேன். இன்சுலின் போடுறவங்க, சுகரை வேகமா இறக்குற மாத்திரை எடுக்குறவங்க சாப்பிடாம இருந்தா லோ சுகர் ஆகும். வேர்த்து கை நடுங்கும், படபடன்னு அடிக்கும், பேச்சு குழறும், ஜெபத்துல உக்காந்திருக்கறப்ப ஆவில நிறைஞ்சு நடுங்குறாங்கன்னு பக்கத்துல இருக்குறவங்க நினைச்சுக்குவாங்க!! சுகர் 70க்கு கீழ போனா அந்த நிமிஷமே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணியோ குடுக்கணும், சங்கிலி ஜெபம் முடியட்டும்னு காத்திருக்க கூடாது. மயங்கிட்டா வாய்ல எதுவும் ஊத்தாதீங்க, உடனே ஆஸ்பத்திரி. மருந்தை தானா நிறுத்துறதும் ஆபத்து, டாக்டர்கிட்ட கேக்காம எதுவும் வேணாம். தானியேல் 10ல அவரு மூணு வாரம் ருசியான சாப்பாடு, இறைச்சி, திராட்சரசம் மட்டும்தான் விட்டாரு, முழுப்பட்டினி இல்ல. அம்மா நேரத்துக்கு சாப்பிட்டுட்டு போனையும் டிவியையும் அந்த வாரம் மூடி வச்சு ஜெபிக்கட்டும். கர்ப்பமா இருக்குறவங்க, பால் குடுக்குறவங்க, சின்ன பிள்ளைங்களையும் இதுல இழுக்காதீங்க. யார் இருக்கா யார் இல்லன்னு கணக்கெடுக்குறவங்களுக்கு உபவாசத்தை மனுஷர் பாக்கும்படி காட்டிக்காதீங்கன்னு சொல்ற மத்தேயு 6:16-18 வாசிச்சு காட்டுங்க.

மூப்பர்_ஓய்வில்:
தம்பி, நான் பல வருஷம் கமிட்டில இருந்தவன். உபவாசம்னு அறிவிச்சதாலயே அது பரிசுத்தம் ஆகிராது, நாபோத்தோட தோட்டத்தை பிடுங்க ஆகாப் ராஜாவோட மனைவி யேசபேலும் உபவாசம்தான் கூறச்சொன்னா. உங்க பாஸ்டர் அப்படின்னு சொல்ல வரல, பெரும்பாலும் ஆர்வக்கோளாறுல எழுதுறதுதான். தனியா போய் பாருங்க, பொதுவுல கேக்காதீங்க. "ஐயா, போகவோ இருக்கவோ உம்முடைய சித்தத்தைக் காட்டும்னு மாத்திரலாமா"ன்னு கேட்டா பெரும்பாலும் மாத்திருவாங்க. கடைசி நாள்ல ஒருத்தர் எழுந்து எனக்கு தரிசனம் வந்துச்சுன்னா என்னன்னு கேப்பீங்க, 1 கொரிந்தியர் 14:29ல மத்தவங்க நிதானிக்கணும்னு இருக்கே. அவரு சொன்னதை எழுதி வச்சுட்டு வசனத்தோட ஒத்துப்போகுதான்னு மூப்பர்கள் உக்காந்து பாக்கணும், அன்னிக்கே ஓட்டு எடுக்க கூடாது. இன்னொண்ணு, வாக்குவாதம் நடந்துச்சுன்னு வெக்கப்படாதீங்க. அப்போஸ்தலர் 15ல எருசலேம்ல பெரிய தர்க்கமே நடந்துச்சு, பேதுரு பேசி, பர்னபாவும் பவுலும் பேசி, யாக்கோபு பேசி, அதுக்கப்புறம்தான் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது"ன்னு லெட்டர் எழுதுறாங்க. அந்த அதிகாரத்துல உபவாசமே சொல்லல. கடன் எவ்வளவு ஆகும், தூரம் போனா வயசானவங்க வர முடியுமா, இதெல்லாம் பேப்பர்ல போட்டு சபை முன்னாடி வைங்க, ஜெபிக்கிறவங்களுக்கு எதுக்காக ஜெபிக்கிறோம்னாவது தெரியணும்ல.

கடைசிவரிசை:
ரொம்ப நன்றி. அம்மாகிட்ட நர்ஸ் சிஸ்டர் எழுதுனத வாசிச்சு காட்டுனேன், சாப்பிட்டுட்டு சங்கிலி ஜெபத்துல காலைல ஸ்லாட் எடுத்துக்குறேன்னு ஒத்துக்கிட்டாங்க. பாஸ்டரையும் பாத்தேன். ரெண்டாவது வரிய எடுத்துட்டாரு, முதல் வரிக்கு யோசிக்கிறேன்னாரு. மூப்பர் ஐயா, வாரம் முடிஞ்சும் பாதிக்கு பாதியா நின்னா?

மூப்பர்_ஓய்வில்:
விக்காதீங்க. ஒத்தி வைங்க. அதுவரைக்கும் ரெண்டு ஆராதனை நடத்தி பாருங்க, பிடிக்கலன்னா நிறுத்திக்கலாம், வித்த கட்டடம் திரும்பி வராது.