காலரில் இரண்டு பொத்தான் இருந்தால் ஆள் பழைமைவாதியா?

ஷென்டன்வே வாசி:
போன வாரம் ஒரு நேர்காணல் நடத்தினேன். வந்த தம்பி காலர் முனைகளைச் சட்டையோடு சேர்த்துப் பொத்தான் போட்டிருந்தார். பதில்கள் நன்றாகத்தான் இருந்தன. இருந்தும் ‘சொன்னதைச் செய்வார், புதிதாக யோசிக்க மாட்டார்’ என்று குறித்துவிட்டேன். ஆங்கிலத்தில் மரபை மீறாத ஆளையே ‘பட்டன்-டவுன்’ என்கிறார்கள். இருபது வருடம் அந்தச் சட்டையைப் போட்டவன் நான். கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பீஷான் வாசகன்:
அண்ணே, அது சட்டையின் குற்றமா? குதிரை ஓடும்போது முகத்தில் அடிக்காமலிருக்க இங்கிலாந்துப் போலோ ஆட்டக்காரர்கள் காலரைப் பிணைத்துக்கொண்டார்களாம். 1896இல் ஜான் புரூக்ஸ் அதைப் பார்த்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார் என்பதுதான் புரூக்ஸ் பிரதர்ஸ் கடை சொல்லும் வரலாறு. கஞ்சி போட்டு விறைத்த காலர் காலத்தில் இது விளையாட்டு உடை! 1960களில் ‘மாட்’ என்ற பெயரில் புதுப்பாணி உடையில் திரிந்த லண்டன் இளையர்கள் போட்டதும் இதைத்தான். 1964 ஒலிம்பிக்குக்கு முன்னால் தோக்கியோவின் கின்சாவில் இந்த அமெரிக்கப் பாணியில் திரிந்த பிள்ளைகளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அடங்கிக் கிடந்தவர்களையா பிடிப்பார்கள்?

ஷென்டன்வே வாசி:
அது லண்டன், தோக்கியோ. இங்கே சிங்கப்பூரில் 1970களில் நீளமுடி ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அரசாங்க அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். ஆளின் தோற்றத்தை வைத்தே குணத்தை அளந்து பழகிய ஊர் தம்பி இது. அந்தப் பழக்கம் போட்டுக்கொள்பவன் மனதுக்குள்ளும் இறங்கத்தான் செய்யும்.

தேக்கா தையல் அக்கா:
முப்பது வருடமாகச் சட்டை தைக்கிறேன். இந்தக் காலருக்கு முனையில் சின்னதாகக் காஜா எடுக்க வேண்டும். உள்ளே விறைப்பான கேன்வாஸ் வைத்தால் கெட்டுவிடும், மெத்தென்று இருந்தால்தான் அழகாக வளைந்து நிற்கும். இந்த வெயிலில் டை கட்டாமல் போட்டாலும் காலர் சரியாது. அதற்காகத்தான் கேட்டு வருகிறார்கள், யாருக்கும் அடங்கிப்போக அல்ல. அப்புறம், என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அண்ணன் முதல்முதலாகக் காலர் சட்டை போட்டு ஆபீஸ் போன அன்று அவர் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உங்களிடம் வந்த பிள்ளை அந்த ஒரு நாளுக்காகக் கடன் வாங்கிப் போட்ட சட்டையாகக்கூட இருக்கலாம். கேட்டீர்களா?

ஷென்டன்வே வாசி:
கேட்கவில்லை அக்கா. குறிப்பை அடித்துவிட்டேன்; புதன்கிழமை அவரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த ஊரைப் பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பீஷான் வாசகன்:
அதில் நானும் உங்கள் பக்கம்தான், அண்ணே.