தீர்க்கக்கோட்டு நேரக் கணக்கு: பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்?

கேள்வி:
ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் புவி மாதிரி பாடம். 15 பாகைக்கு ஒரு மணி, 1 பாகைக்கு 4 நிமிடம் என்று மகள் ஒப்பிக்கிறாள். ஆனால் 82°30' கிழக்கை வைத்து இந்தியத் திட்ட நேரம் கண்டுபிடிக்கச் சொன்னால் 5 மணி 29 நிமிடம் வருகிறது. எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது என்பதும் பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
29 நிமிடம் என்ற விடையே தவறைக் காட்டிக்கொடுக்கிறது. 82°30'-ஐ 82.30 என்று எழுதி 4-ஆல் பெருக்கியிருப்பாள், 329.2 வரும். ஒரு பாகைக்கு 60 கலை. ஆகவே 30 கலை என்பது அரைப் பாகை. தசமப் புள்ளியே வேண்டாம், பிரித்துப் போடச் சொல்லுங்கள்: 82 × 4 = 328 நிமிடம்; 15 கலைக்கு 1 நிமிடம், 30 கலைக்கு 2 நிமிடம்; மொத்தம் 330, அதாவது 5 மணி 30 நிமிடம்.

இது பழகியதும் 68°7' கிழக்கு, 97°25' கிழக்கு இரண்டையும் கொடுங்கள். நாட்டின் மேற்குக் கோடி, கிழக்குக் கோடி. வித்தியாசம் 29°18', 117 நிமிடத்துக்குச் சற்று மேல். அருணாசலத்தில் விடிந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குஜராத்தின் மேற்கு முனையில் விடியும் என்றால், நாடு முழுவதற்கும் ஏன் ஒரே திட்ட நேரம் வேண்டும் என்று அவளே கேட்பாள். அந்தக் கேள்விதான் பாடத்தின் உயிர்.

பதில் 2:
கூட்டல், கழித்தலுக்குச் சூத்திரம் தராதீர்கள். ஒரு பந்தும் டார்ச்சும் போதும். பந்தின் நடுவில் நூல் சுற்றி அளந்து 24 சம பாகமாகப் புள்ளி வையுங்கள், 48 செ.மீ. இருந்தால் 2 செ.மீ.க்கு ஒன்று. அறையை இருட்டாக்கி, டார்ச்சை அசைக்காமல் வைத்துப் பந்தை மட்டும் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழற்றுங்கள். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. பலர் இங்கேதான் மாற்றிச் சுழற்றிவிடுகிறார்கள். அப்புறம் எல்லாமே தலைகீழாகப் போகும். கிழக்கே உள்ள புள்ளி முதலில் வெளிச்சத்துக்கு வருவதைப் பார்த்துவிட்டால் 'கிழக்கே போனால் கூட்டு' என்பது மறக்காது.

பதில் 3:
இன்னும் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஓர் ஊர் கிழக்கிலும் மற்றது மேற்கிலும் இருந்தால் பாகைகளைக் கூட்ட வேண்டும். நியூயார்க்கின் திட்ட நேரம் 75° மேற்கை ஒட்டியது: 82½ + 75 = 157½; 4-ஆல் பெருக்கினால் 630 நிமிடம், பத்தரை மணி. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைப்பதால் வித்தியாசம் ஒன்பதரை ஆகும். இணையத்தில் பார்த்துவிட்டு 'கணக்கு தப்பு' என்பாள், முன்பே சொல்லிவையுங்கள்.

அடுத்தது கிழமை. 0° தீர்க்கக்கோடு செல்லும் கிரீன்விச்சில் திங்கள் இரவு 8 மணி என்றால் இங்கே செவ்வாய் அதிகாலை 1.30. 25.30 என்று எழுதிவிட்டு நிற்பவர்கள் நிறைய.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கிழக்கே போனால் கூட்டல் என்றால், பன்னாட்டுத் தேதிக் கோட்டைக் கிழக்கு நோக்கிக் கடக்கும்போது மட்டும் ஏன் ஒரு நாளைக் குறைக்கிறார்கள்?

பதில் 2:
கிழக்கே செல்பவர் ஒவ்வொரு 15 பாகைக்கும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிக்கொண்டே போகிறார். முழுச் சுற்றில் 24 மணி நேரம் கூடுதலாகச் சேர்ந்துவிடும். அந்த ஒரு நாளை எங்கேயாவது திருப்பித் தர வேண்டும். அந்த இடமாக 180° தீர்க்கக்கோட்டை ஒட்டிய கோட்டை வைத்திருக்கிறார்கள். பசிபிக் தீவு நாடான சமோவா 2011 டிசம்பர் 29-க்கு அடுத்து நேராக 31-க்குப் போனது. கோட்டின் கிழக்குப் பக்கத்திலிருந்து மேற்குப் பக்கத்துக்குத் தன்னை மாற்றிக்கொண்டதால் 30 என்ற தேதியே அங்கு வரவில்லை. பந்தில் அந்தக் கோட்டைச் சிவப்பு மையால் வரைந்து காட்டுங்கள்.