சோதனை சாக்கெட் போட்டு நடந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பைக் விபத்தில் எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. செயற்கைக் காலில் மிச்சக் கால் நுழையும் கூடுதான் சாக்கெட், இப்போது போட்டிருப்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும், பொருந்துகிறதா என்று முன்கூட்டிப் போட்டுப் பார்க்கும் சோதனை சாக்கெட் என்ற ஒன்றே கிடையாது. பிளாஸ்டரில் அச்சு எடுத்தார்கள், அப்புறம் ஒருநாள் கூப்பிட்டு, செய்து முடித்த செயற்கைக் காலையே மாட்டிவிட்டார்கள். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே கொஞ்சம் நடந்தால் சரி, வீட்டுக்குப் போகலாம். சந்தைக்குப் போய்த் திரும்பும்போதுதான் முழங்காலுக்கு வெளிப்பக்கம் துருத்தும் சின்ன எலும்பில் கொப்புளம்.

இந்தத் தடவை வேறு இடம். அங்கே முதலில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக்கில் ஒரு சாக்கெட் செய்து மாட்டினார்கள். எடை போட்டு நின்றதும் தோல் எங்கே வெளுக்கிறது என்று வெளியிலிருந்தே பார்க்க முடிகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார் அழுத்தம் தாங்கும் இடம், அங்கே வெளுத்ததற்கு டெக்னீஷியன் கவலைப்படவில்லை. முன்னெலும்பின் விளிம்பில் வெளுத்ததும் மார்க்கரால் வட்டம் போட்டு, பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அந்த இடத்தை வெளியே தள்ளினார். அடியில் ஒரு களிமண் உருண்டையும் வைத்தார். கழற்றும்போது அது லேசாகத் தட்டையாகியிருக்க வேண்டும். உருண்டையாகவே இருந்தால் ஸ்டம்ப்பின், அதாவது மிச்சக் காலின், நுனி அடியைத் தொடவில்லை. அப்பளமாக நசுங்கினால் நுனியில் எடை விழுகிறது.

அதோடு விடாதீர்கள். படி ஏறுங்கள், சரிவில் இறங்குங்கள், நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மடக்குங்கள். சாக்கெட்டின் பின்விளிம்பு தொடையின் பின்பக்கத் தசைநாரை அறுக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு பத்து நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை, மறையாவிட்டால் அந்த இடத்தைச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள். தயங்கவே வேண்டாம், வலி நமக்குத்தானே. சாயங்காலம் ஸ்டம்ப் சுருங்கிச் சாக்கெட் லொடலொடக்கும், ஸ்டம்ப்பில் மாட்டக் கூடுதல் சாக்ஸ் பையில் இருக்கட்டும்.

சாக்கெட் உடையாமல் தாங்குமா என்ற உறுதியை எப்படிச் சோதிப்பது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

—

அண்ணா, நான் செயற்கைக் கால் செய்யும் வேலையில் இருப்பவள். செயற்கைக் காலின் உறுதிக்கு ஐ.எஸ்.ஓ. 10328 என்று ஒரு சர்வதேசத் தரம் உண்டு. இயந்திரத்தில் பூட்டி 30 லட்சம் முறை எடை ஏற்றி இறக்குவார்கள். பி5 என்ற நிலை 100 கிலோ வரை எடையுள்ளவர்களுக்கானது. ஆனால் அது பெரும்பாலும் பாதம், குழாய், இணைப்புகளுக்குத்தான் பயன்படுகிறது. சாக்கெட் ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்வது. உங்கள் சாக்கெட்டை உடைத்துப் பார்த்துவிட்டு உங்களுக்கே கொடுக்க முடியாதே! ஆய்வகங்கள் மாதிரிச் சாக்கெட் செய்து, இதே தரத்தைத் தழுவித்தான் உடைத்துப் பார்க்கின்றன.

அதனால் அச்சு எடுக்கும்போதே உங்கள் எடையையும், மூட்டை தூக்கும் வேலையா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தடிமனை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். சோதனை சாக்கெட்டை மட்டும் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடாதீர்கள், அந்தப் பிளாஸ்டிக் சட்டென்று விரிசல் விடும். நிரந்தர சாக்கெட்டில் அடிப்பக்க போல்ட்டைச் சுற்றி மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைக் கோடோ, புதிதாகக் கிறீச் சத்தமோ இருந்தால் அன்றைக்கே கழற்றி வைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள், அண்ணா.