மீண்டு வந்த வீரர்களுக்கான என்எஃப்எல் விருது: நேரில் கண்டவர்களின் அனுபவப் பகிர்வு

என்எஃப்எல் என்பது அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைப் போட்டித் தொடர். அதில் மீண்டு வந்து ஆடும் ஒரு வீரருக்கு ஆண்டுதோறும் செய்தியாளர்கள் வாக்களித்துத் தருவதே இந்த மீள்வருகை விருது.

மேரிலாந்து உறுப்பினர்:

2018 நவம்பர் 18 அன்று, லேண்டோவரில், அப்போது ஃபெடெக்ஸ்ஃபீல்டு எனப்பட்ட அரங்கில் வாஷிங்டன் அணி ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணியை எதிர்த்து ஆடியதை நான் நேரில் பார்த்தேன். வாஷிங்டனின் குவாட்டர்பேக் (பந்தெறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) அலெக்ஸ் ஸ்மித்தைக் கரீம் ஜாக்சனும் ஜே. ஜே. வாட்டும் சேர்ந்து வீழ்த்தியபோது, அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளும் முறிந்தன. என் அருகில் அமர்ந்திருந்த முதியவர், 33 ஆண்டுகளுக்கு முன்பு இதே தேதியில் இதே அணியின் ஜோ தைஸ்மனுக்கும் கால் முறிந்தது என்று சொன்னார். அதன்பின் ஆட்டம் முடியும்வரை அவர் பேசவேயில்லை.

முறிவைவிடக் கொடியது பின்னால் வந்தது. தசையைத் தின்னும் கிருமித்தொற்று காயத்தில் பரவி, காலை எடுத்துவிடுவதா என்று மருத்துவர்கள் யோசிக்கும் அளவுக்குப் போய், 17 அறுவைச் சிகிச்சைகளைக் கடந்தே அந்தக் கால் தப்பியது. சான் அன்டோனியோவில், போரில் காயமுற்ற படைவீரர்களுக்கென இருக்கும் மறுவாழ்வு மையத்திலும் அவர் பயிற்சி பெற்றார்.

693 நாட்களுக்குப் பிறகு, 2020 அக்டோபர் 11 அன்று, கைல் ஆலன் காயமுற்று வெளியேறியதால் ஸ்மித் மீண்டும் களத்தில் இறங்கினார். பெருந்தொற்றுக் காலமாகையால் நான் தொலைக்காட்சியில்தான் பார்க்க முடிந்தது. சற்று நேரத்திலேயே எதிரணியான ராம்ஸின் ஆரோன் டொனால்ட் அவர் முதுகின்மேல் தாவி அவரை வீழ்த்தினார். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்மித் எழுந்து, அடுத்த நகர்வுக்கு வரிசையில் போய் நின்றார். அன்று அவருடைய எறிதல்களால் அணி பெற்றது வெறும் 37 கஜம். ராம்ஸ் 30-10 என்று வென்றது. ஆனாலும் என்னைப் பொறுத்தவரை விருது அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. பின்னர் அவர் தொடக்க வீரராக இறங்கிய ஆறு ஆட்டங்களில் ஐந்தை வென்று கொடுத்தார். அணியும் 7 வெற்றி, 9 தோல்வி என்ற எளிய கணக்கோடு தன் பிரிவில் முதலிடம் பெற்றது. விருதைத் தரும் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனக் குழுவின் 50 வாக்குகளில் 49 அவருக்கே விழுந்தன.

கன்சாஸ் சிட்டி உறுப்பினர்:

எனக்கு நிணநீர்ப் புற்றுநோய்க்கு மருந்தேற்றம் நடந்துகொண்டிருந்தபோதுதான், எங்கள் சீஃப்ஸ் அணியின் தற்காப்பு வீரர் (சேஃப்டி) எரிக் பெர்ரிக்கும் ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றுநோய் என்ற செய்தி 2014 இறுதியில் வந்தது. மார்பில் நிரந்தரக் குழாய் பொருத்திக்கொண்டால் உடற்பயிற்சி தடைப்படும் என்பதற்காக, ஒவ்வொரு முறையும் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றிக்கொண்டார் என்று படித்தபோது, அந்த முடிவின் வலி எனக்கு முழுமையாகப் புரிந்தது. 2015 ஜூலை இறுதியில் அவர் பயிற்சிக்குத் திரும்பினார். அந்தப் பருவத்தில் ஆரோஹெட் அரங்கில் நான் தலையில் துணி கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தேன். அவர் பெயரை அறிவித்தபோது முன்பின் அறியாத ஒரு பெண்மணி என் தலையைப் பார்த்துவிட்டு என் கையைப் பற்றிக்கொண்டார். பெர்ரி மீள்வருகை விருதோடு நிற்கவில்லை. அவ்வாண்டின் தலைசிறந்த வீரர்கள் கொண்ட ஆல்-புரோ முதல் அணியிலும் இடம்பெற்றார்.

சின்சினாட்டி உறுப்பினர்:

இதய நோய்ப் பிரிவில் செவிலியராகப் பணிபுரியும் நான், 2023 ஜனவரி 2 அன்று பார்வையாளராக அரங்கில் இருந்தேன். பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹேம்லின், எங்கள் பெங்கால்ஸ் அணியின் டீ ஹிக்கின்ஸைத் தடுத்து வீழ்த்திவிட்டு எழுந்து நின்றார். நின்றவர் அப்படியே பின்னால் சாய்ந்தார். இதயத் துடிப்புச் சுழற்சியின் மிகக் குறுகிய ஒரு நேரத்தில் மார்பில் அடி விழுந்தால் இதயம் நின்றுவிடக்கூடும். மிக அரிதான அந்நிலைதான் அவருக்கு ஏற்பட்டது. களத்திலேயே மார்பை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து அவரை மீட்டார்கள். வீரர்கள் சுற்றி நின்று மறைத்ததால் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்தே, அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

அவர் 2023 அக்டோபரில் பருவ ஆட்டத்தில் மீண்டும் ஆடினார். அப்பருவத்தில் அவருக்கு ஐந்து ஆட்டங்களில்தான் வாய்ப்புக் கிடைத்தது. விருதோ, நவம்பரில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியில் சேர்ந்து ஐந்தே ஆட்டங்களில் 13 டச்டவுன்களுக்கு (எதிரணியின் கடைக்கோட்டுப் பகுதிக்குள் பந்தைச் சேர்ப்பது) பந்தெறிந்து, அணியை நாக்அவுட் சுற்றுக்குக் கொண்டுசென்ற 38 வயது ஜோ ஃபிளாக்கோவுக்குப் போனது. முதலிடம் என்று ஹேம்லினுக்கு 21 பேரும் ஃபிளாக்கோவுக்கு 13 பேரும் வாக்களித்திருந்தார்கள். ஆனால் முதல் மூன்று இடங்களுக்கு 5, 3, 1 என்று மதிப்பெண் கூட்டும் முறையில் 151-க்கு 140 என்று ஃபிளாக்கோ முந்தினார். ஃபிளாக்கோவின் ஆட்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எந்த அணியும் அழைக்காமல் வீட்டில் இருந்தவர் திரும்பி வந்து அப்படி ஆடியது பெரிய செயல்தான். இருந்தாலும் இரண்டையும் ஒரே தராசில் வைத்த முறையை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த ஆண்டே விருதின் வரையறையைத் திருத்தி, நோய், காயம் போன்றவற்றால் முந்தைய பருவத்தில் ஆட முடியாமல்போய் மீண்டவர்களுக்கே இது என்று தெளிவுபடுத்தினார்கள். ஹேம்லினுக்கு அது பயன்படவில்லை.

மேரிலாந்து உறுப்பினர்:

திருத்திய வரையறையின்படி 2024-இல் விருது பெற்றவர் உங்கள் ஊர் குவாட்டர்பேக் ஜோ பர்ரோதான். 2021-க்குப் பிறகு அவருக்கு இது இரண்டாவது முறை. 2020-இல் அவர் முழங்கால் கிழிந்ததும் அதே லேண்டோவர் அரங்கில்தான். அன்று எதிரணியின் குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித். 2023-இல் மணிக்கட்டு காயமுற்றது பால்டிமோரில்.

செய்தியாளர்கள் தேர்ந்தெடுக்காத இன்னொரு விருதும் உண்டு. பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் உடற்பயிற்சி மருத்துவ உதவியாளராக இருந்த எட் பிளாக்கின் பெயரில், ஒவ்வோர் அணியிலும் சக வீரர்களே தங்களுள் ஒருவருக்கு வாக்களித்துத் தரும் துணிவு விருது அது. காலையில் சிகிச்சை அறையில் அவன் எப்படி நடந்துவந்தான் என்று பார்த்தவர்கள் போடும் வாக்கு என்பதால், அதற்கே நான் கூடுதல் மதிப்புத் தருகிறேன். மீள்வருகை விருதையும் வீரர்களிடமே விட்டிருந்தால் 2023-இல் அது ஹேம்லினுக்குத்தான் கிடைத்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.