ஓட்டலுக்கு போட்டோ ஷூட்: மதுரைப் பக்கம் எடுத்தவங்க, எடுக்க வச்சவங்க அனுபவம்

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, ஓட்டல் மேனேஜர்

ரூமெல்லாம் பெயிண்ட் அடிச்சு மெத்தை மாத்தியாச்சு. புக்கிங் தளங்கள்ல மட்டும் யாரோ செல்போன்ல எடுத்த பழைய படமே கெடந்துச்சு. ஓனர், "நல்ல ஆளா பாத்து எடுத்துருவோம்"னு சொல்லிட்டார். நல்ல ஆள் மதுரையிலயே கெடைச்சுட்டாங்க. தேதிதான் கெடைக்கல.

மதுரையில ஓட்டல் வச்சிருக்கவங்களுக்குத் தெரியும். சித்திரையில திருக்கல்யாணம், தேர், அழகர் ஆத்துல எறங்குறதுன்னு ஒரு ரூம்கூட மிஞ்சாது. வைகாசி, ஆவணியில முகூர்த்தக் கூட்டம். மார்கழியில கல்யாணம் இல்லையே, அப்ப எடுக்கலாம்னு பாத்தா, கார்த்திகை பொறந்ததுலேர்ந்து ஐயப்பசாமிமார் வேன் வேனா வந்து எறங்குவாங்க. ஐப்பசியில மழை. கடைசியில ஆடியில வச்சோம். முகூர்த்தம் கெடையாது, ஒரு ஃப்ளோரை முழுசா ஒதுக்கலாம், ரேட் கொறைஞ்ச நேரம்கிறதால ஓனருக்கும் வலிக்காது.

ஒதுக்குறதுன்னா ரிசப்ஷன்ல வாயால சொன்னா போதாது, சிஸ்டத்துல பிளாக் பண்ணணும். எங்க ஃப்ரண்ட் ஆபீஸ் தம்பி ஒரு டீலக்ஸ் ரூமை மட்டும் விட்டுட்டான். உள்ள லைட் ஸ்டாண்டு நிக்குது, வாசல்ல ஒரு குடும்பம் பெட்டியோட நிக்குது. ஆன்லைன்ல அப்பத்தான் புக் பண்ணிருக்காங்க. நல்லவேளை, மேல் ஃப்ளோர்ல மாத்திக் குடுத்தோம்.

இன்னொண்ணு, எல்லா ரூமையும் எடுக்க வேண்டியதில்ல. ஒரு வகைக்கு ஒரு ரூம் போதும். ஆனா அந்த ஒரு ரூமை நீங்களே போய் நின்னு பாத்துத் தேர்ந்தெடுங்க. எங்க ஸ்டாண்டர்டு ரூம்கள்லயே ஒரு பக்கத்து ரூம்ல ஜன்னலைத் தொறந்தா வீதி, மறுபக்கத்து ரூம்ல தொறந்தா பக்கத்துக் கட்டட சுவர்.

போட்டோகிராபர், அண்ணா நகர்

அண்ணே சொன்ன ஆடிக்கு ஒரு எச்சரிக்கை. ஆடிக்காத்து மொட்டைமாடியில லைட்டுக்கு மாட்டுற சாஃப்ட்பாக்ஸை ஸ்டாண்டோட தூக்கிட்டுப் போகும். மணல் மூட்டை கட்டாம மேல எதையும் நிறுத்தாதீங்க.

மீனாட்சி கோயிலைச் சுத்தி இருக்குற ஓட்டல்காரங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான்: "ரூஃப்டாப்புலேர்ந்து கோபுரம் தெரியணும்." காலையில வரச் சொல்வாங்க. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம்னா கோயில் உங்களுக்குக் கிழக்கே. காலையில சூரியன் கோபுரத்துக்குப் பின்னாடி நிக்கும், கோபுரம் கருப்பாத்தான் விழும். சாயங்காலம் அஞ்சரைக்கு மேல பாருங்க, மேலக் கோபுரத்துல ஒவ்வொரு சுதையும் தனித்தனியா தெரியும். ஆடியில சூரியன் மறைய 6.40 ஆயிரும். அதுக்கப்புறம் வானம் நீலமா இருக்குறது ஒரு கால் மணி நேரம். டேபிள், நாற்காலி, விளக்கு எல்லாம் அதுக்கு முன்னாடியே அதது எடத்துல இருக்கணும். அந்த நேரத்துல போய் "மெனு கார்டு எங்கப்பா"ன்னு தேடினா அன்னைக்கு அவ்வளவுதான்.

திருப்பணி நடக்குதான்னும் கேட்டுக்குங்க. கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி கோபுரங்களைச் சாரம் கட்டி மூடிருவாங்க. 2009 ஏப்ரல்ல நடந்ததுக்கு முன்னாடியும் அப்படித்தான். அந்தச் சமயத்துல எடுத்தா அந்த ஒரு ஃப்ரேமுக்காகத் திரும்ப ஒரு தடவை காசு குடுக்கணும்.

ரூமுக்குள்ள எனக்குப் பெரிய தலைவலி பல்பு. மேல வெள்ளை எல்இடி 6500 கெல்வின், கட்டில் பக்கத்துல மஞ்சள் 3000. ஒரே படத்துல பாதிச் சுவர் நீலம், பாதிச் சுவர் மஞ்சள். எடிட்டிங்ல சரி பண்ணலாம், ஆனா படத்துக்குப் படம் நேரம் போகும். எலக்ட்ரீஷியன் ஒருத்தர் முந்தின நாளே ஒரே கலர் பல்பா மாத்திட்டா வேலை பாதியாயிரும்.

ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், காளவாசல்

தம்பி பல்போட நிறுத்திட்டாரு, நாங்க படுற பாடு என்னன்னு யாரும் சொல்லல. கெஸ்ட்டுக்குப் போடுற மாதிரி பெட் போட்டா கேமராவுக்குப் பத்தாது. துவைச்சு மடிச்ச விரிப்புல மடிப்புக் கோடு சிலுவை மாதிரி நடுவுல நிக்கும். நேர்ல யாரும் பாக்க மாட்டாங்க, படத்துல மொதல்ல அதுதான் தெரியும். கட்டில்ல விரிச்சதுக்கு அப்புறம் ஸ்டீமர் வச்சுத் தேய்க்கணும். அதுக்கு ஒரு பொண்ணைத் தனியா விடுங்க.

கேமரா ஏறக்குறைய இடுப்பு உயரத்துல நிக்கும். அதனால நம்ம கண்ணுக்குப் படாததெல்லாம் அதுக்குப் படும்: கட்டிலுக்குக் கீழ தூசி, டிவி வயர், குப்பைக்கூடை, ஏசி ரிமோட்டைச் சுத்தின பாலிதீன். எங்க ஓட்டல்ல வெள்ளை விரிப்பு மேல சின்னாளப்பட்டிச் சுங்குடியை ரன்னரா, அதாவது கால்மாட்டுல குறுக்கால போடுற துணியா போட்டோம். மெரூன்ல வெள்ளைப் புள்ளி. வந்த போட்டோகிராபர் அதுக்காகவே ஒரு படம் கிட்டத்துல எடுத்தாரு.

மல்லிகைப்பூ வைக்கணும்னு சொன்னா காலையிலயே தட்டுல கொட்டி வைக்காதீங்க. ஏசி ரூம்ல மதியத்துக்குள்ள பழுப்பேறிரும். ஈரத்துணியில மொட்டாவே வச்சிருந்து, கேமரா ரெடின்னதும் எடுத்து வைங்க.

ரெஸ்டாரன்ட் பொறுப்பு, பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம்

சாப்பாட்டுப் படத்துக்கு வெளியூர்லேர்ந்து ஒரு ஸ்டைலிஸ்ட் வந்தாங்க. தலைவாழை இலையில நுனியை வலதுபக்கம் வச்சு, பச்சடி, கூட்டு, அப்பளம்னு அடுக்கி அழகா எடுத்துட்டாங்க. எங்க மாஸ்டர் ஸ்க்ரீனை எட்டிப் பாத்தாரு. "இந்தப் படத்தைப் போட்டா உள்ளூர்க்காரன் ஒருத்தன் வர மாட்டான்"னாரு. நுனி சாப்பிடுறவருக்கு இடதுபக்கம்தானே வரணும். படத்தையே இடவலமா திருப்பிரலாம்னு அவங்க சொன்னாங்க. திருப்பினா டம்ளர்ல இருக்குற எங்க ஓட்டல் பேரு கண்ணாடியில பாக்குற மாதிரி இடவலமாப் போகும், பரிமாறுறவர் இடதுகையால சாம்பார் ஊத்துவாரு! மறுபடி புது இலை போட்டு எடுத்தோம்.

சட்னி சீக்கிரம் தண்ணி பிரியும், இட்லி காஞ்சு மேல தோல் கட்டும். லைட் சரிபார்க்க ஒரு பழைய தட்டை வச்சுக்கிட்டு, எடுக்கும்போது சூடா இன்னொண்ணு கொண்டாரச் சொல்லுங்க.

ரிசார்ட், ஒத்தக்கடை பக்கம்

எங்களுக்கு யானைமலைதான் கோபுரம். நாலே நாலு ரூம்லேர்ந்துதான் மலை முழுசாத் தெரியும். வந்த போட்டோகிராபர் அந்த ஜன்னலை, எடத்தைப் பெருசாக் காட்டுற வைட் ஆங்கிள் லென்ஸ்ல எடுத்தாரு, ஆளுங்க அதை எல்லா ரூமுக்கும் ஏத்திட்டாங்க. தோட்டத்துப் பக்கம் ரூம் கெடைச்ச கெஸ்ட் செல்போனை ரிசப்ஷன்ல நீட்டி, "இந்த மலை எங்கங்க?"ன்னு கேட்டார். கேட்டதோட விடல, ரிவ்யூவும் போட்டார். இப்போ ரூம் வகை பேரையே "மலை பாத்த ரூம்", "தோட்டம் பாத்த ரூம்"னு பிரிச்சு, அதது படத்தை அததுக்கு மட்டும் போட்டிருக்கோம். நீச்சல்குளத்தை ஏரி மாதிரி காட்டுற படத்தையும் நீக்கியாச்சு. என்னைக் கேட்டா, வைட் ஆங்கிளை ரொம்ப இழுக்கிற ஆளே வேண்டாம்.

ட்ரோன் கேட்டோம். 2021 ட்ரோன் விதிகள் வந்ததுக்கு அப்புறம் எங்க பறக்கவிடலாம்னு காட்டுற டிஜிட்டல் ஸ்கைங்கிற அரசு தள வரைபடத்துல நம்ம எடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பான்னு பாக்காம ஏத்தக் கூடாதுன்னு போட்டோகிராபரே சொல்லிட்டாரு. ஏர்போர்ட் பக்கம் இருக்கவங்க இதைக் கட்டாயம் பாத்துக்குங்க.

ஒரு சந்தேகம். எடுத்த படத்துக்கு உரிமை யாருக்கு? அடுத்த வருஷம் பேனர் அடிக்க அவர்கிட்ட திரும்பக் கேக்கணுமா?

போட்டோகிராபர், அண்ணா நகர்

பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17 படி, காசு குடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் முதல் உரிமை. வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தா அதுபடி. அந்த "வேற மாதிரி" பல கொட்டேஷன்ல கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கும்: வெப்சைட்டுக்கு மட்டும், இத்தனை வருஷம், பேனருக்குத் தனிக் காசுன்னு. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி படிச்சுப் பேசிருங்க சார். கேமராவுல பதிவான மூலப் படமான ரா ஃபைல் வேணும்னாலும் அப்பவே சொல்லிருங்க. எடுத்து முடிச்சப்புறம் கேட்டா நிறைய பேர் தர மாட்டாங்க, நானும் தர மாட்டேன்.