வண்டி ஓடாதவர்தான் முதல் ஆளாக வருகிறார்

ஃபியட் 1100, சென்னை

பழைய கார் வைத்திருக்கும் நாற்பது பேர் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் எங்களுடையது. மாதம் ஒரு ஞாயிறு கடற்கரைப் பக்கம் கூடுவோம். வண்டியைத் துடைத்து வரிசையாக நிறுத்துவோம், படம் எடுப்போம், பொங்கல் வடை சாப்பிடுவோம், கலைவோம். பன்னிரண்டு வண்டி வந்த இடத்தில் ஒன்பது வந்தது, அப்புறம் ஐந்து. சந்தா கேட்டால் "இதோ அனுப்பிடுறேன் சார்" என்று பதில் வரும், பணம் வராது. இழுத்து மூடிவிடலாமா என்று நானும் செயலாளரும் பேசிக்கொண்டிருந்த மாதம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி என் ஃபியட் நின்றுவிட்டது.

சித்திரை வெயில். கூட வந்த ஐந்து வண்டிகளும் ஓரங்கட்டின. ஆளுக்கொரு கருத்து: காயில் போச்சு, கண்டென்சர் போச்சு. அம்பாசடர் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் மகனுடைய ஸ்கூட்டரில் வந்திருந்தார். அவருடைய வண்டி ஷெட்டை விட்டு வெளியே வந்தே எட்டு வருடம். பேசாமல் தன் தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினார். "சூட்டுல உள்ள பெட்ரோல் ஆவியாயிடுச்சு தம்பி. பம்பு வெறும் ஆவியை இழுக்குது. கொஞ்சம் ஆறட்டும்." கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. ஆனால் மதியம் வரை ஒருவரும் கிளம்பவில்லை! பளபளவென்று நிற்கும் வண்டியைப் பார்த்து எத்தனை தடவை "சூப்பர்" சொல்வது? நின்றுபோன வண்டிக்கு முன்னால்தான் எங்களுக்குப் பேச்சே வந்தது.

அதிலிருந்து இரண்டாம் ஞாயிறு ஒருவர் வீட்டு ஷெட், ஒரு வண்டி, ஒரே வேலை. சொந்தக்காரர் கையில்தான் ஸ்பேனர் இருக்க வேண்டும்; மற்றவர்கள் டார்ச் அடிக்கலாம், யோசனை சொல்லலாம். முதல் மாதம் ஒரு அம்பாசடருக்குப் பாயின்ட் செட் செய்தோம், அதாவது ஸ்பார்க் வரவைக்கும் பாயின்ட்டின் இடைவெளியைச் சரி பார்த்தோம். 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) கனமுள்ள ஃபீலர் கேஜ் என்ற தகட்டைப் பாயின்ட்டுக்கு நடுவே விட்டு இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும், சிக்கக் கூடாது. முப்பது வருடமாக அந்தக் காரை ஓட்டுகிறவர், அந்தப் பாயின்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை அன்றுதான் தன் கையால் கழற்றினாராம்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், திருச்சி

அப்பா விட்டுப்போன வண்டி. எங்கள் ஊர் பழைய கார் சங்கக் கூட்டத்துக்குப் போனால் "மேடம், வண்டியை யார் ஓட்டிட்டு வந்தாங்க?" என்பார்கள். நான்தான் என்று சொல்லிச் சொல்லி அலுத்து, சந்தா கட்டுவதோடு நின்றுவிட்டேன். ஒருநாள் புதுச் செயலாளர் போன் செய்து, "நீங்க பேங்க்லதானே இருக்கீங்க, உதிரிபாகக் கணக்கைப் பார்த்துக்க முடியுமா?" என்றார்.

ஹெரால்டுக்குக் கடையில் போய்ச் சாமான் கேட்க முடியாது. சென்னையில் இதைத் தயாரித்த ஸ்டாண்டர்ட் கம்பெனியே இன்றைக்கு இல்லை. ஆனால் யார் வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டு ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, நாங்கள் ஊரெல்லாம் தேடிய, பிரேக்குக்கான வீல் சிலிண்டர் கிட், உள்ளூரிலேயே ஒருவருடைய அரிசி டிரம்முக்குப் பின்னால் நாலு கிடந்தது. வாங்கிய விலைக்கே கொடுக்க வேண்டும், லாபம் கூடாது என்பது மட்டும்தான் விதி. அதை நான் விடாப்பிடியாகப் பார்க்கிறேன். இப்போது யாரும் வண்டி யார் ஓட்டினார்கள் என்று கேட்பதில்லை, "நோட்டுல இருக்கா மேடம்?" என்றுதான் கேட்கிறார்கள்.

அம்பாசடர் மார்க் 2, சேலம்

எங்கள் சங்கத்தில் தலைகீழாகச் செய்தோம். ஆளுக்கொரு பதவி கொடுத்தால் ஈடுபாடு வரும் என்று நினைத்து இரண்டு துணைத் தலைவர், மூன்று இணைச் செயலாளர் போட்டோம். லெட்டர்பேட் அச்சடித்ததோடு சரி.

எங்களை உசுப்பிவிட்டது 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு ‘விஏ’ என்ற எழுத்தோடு தனி எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் வண்டி பழைய உருவிலேயே இருக்க வேண்டும், தினசரி ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. அன்றைக்கு நடந்த சண்டை இருக்கிறதே! டீசல் இன்ஜின் மாற்றியவர்கள் ஒரு பக்கம், தினமும் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். சொந்தமாகக் காரே இல்லாத, சும்மா ஆசைக்கு வரும் கல்லூரிப் பையன் ஒருவன் விதியை முழுசாகப் படித்து வந்து, வண்டி வண்டியாகப் பார்த்து எது தேறும், எது தேறாது என்று சொன்னான். விண்ணப்பமும் அவனே பூர்த்தி செய்து தந்தான். கார் இல்லாதவருக்கு உறுப்பினர் உரிமை இல்லை என்ற விதியை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துவிட்டோம்.

ஃபியட் 1100, சென்னை

சேலம் அண்ணே, அந்தப் பையனை எங்களுக்கும் ஒருநாள் கடன் கொடுங்கள்.

வரும் இரண்டாம் ஞாயிறு அந்தப் பெரியவர் வீட்டு ஷெட். எட்டு வருடம் தேங்கிய பெட்ரோல், டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும். எலி எந்த ஒயரையெல்லாம் கடித்திருக்கிறது என்று பானெட்டைத் திறந்தால்தான் தெரியும். அழுக்கானாலும் பரவாயில்லை என்ற சட்டையைப் போட்டு வாருங்கள். டிபன் அவர்கள் வீட்டில்.