பங்கேற்பிழப்பு, இழப்புக் கோட்டம்: இரு முன்மொழிவுகள்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரே ஆட்களைக் காலப்போக்கில் பின்தொடரும் ஆய்வில் பங்கேற்பவர்கள் குறைந்துபோவதைக் குறிக்கும் ‘அட்ரிஷன்’ (attrition) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் முன்மொழியப்பட்டுள்ள ‘இடைநிற்றல்’ கல்வித்துறையில் வேரூன்றிய சொல், சொன்னவுடன் விளங்கும். ஆனால் நிற்பது ஆளின் செயல். மனநலத் தொடராய்வில் முதல் நேர்காணலுக்கு வந்தவர் ஓராண்டு கழித்து இல்லாமற்போவதற்கு, அவரே விலகிக்கொண்டது, தொலைபேசி எண் மாறியதால் ஆய்வாளரால் அவரைக் கண்டறிய இயலாதது, நோய் முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது, இறந்துபோனது எனக் காரணங்கள் பல. தற்கொலையால் இறந்த ஒருவரை ‘இடைநின்றவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எனவே பொதுச்சொல்லாகப் ‘பங்கேற்பிழப்பு’ என்பதையும், அதன் வகைகளாக ‘விலகல்’, ‘தொடர்பிழப்பு’, ‘இறப்பு’ என்பனவற்றையும் கொள்ளலாம். இழந்தது ஆய்வு, பழி பங்கேற்றவர்மேல் விழாது.

ஆய்வின் முடிவு ஒரு பக்கமாகக் கோணுவதைக் குறிக்கும் ‘பயஸ்’ (bias) என்பதற்குச் ‘சாய்வு’ போதாது. காலப்போக்கில் நோயின் அளவு மாறும் வேகத்தை வரைகோட்டின் சாய்வாகவே இவ்வாய்வுகள் கணக்கிடுவதால், ஒரே பத்தியில் இரு சாய்வுகள் மோதும். ‘ஒருதலைச்சார்பு’ ஆய்வாளரின் மனத்தைக் குறை சொல்வதுபோல் ஒலிக்கிறது. கோணல் என்ற பொருளில் ‘சொற்கோட்டம்’ என்று குறள் ஆளும் ‘கோட்டம்’ இருக்கையில் வேறு தேடுவானேன்? பங்கேற்பிழப்பால் வருவதை ‘இழப்புக் கோட்டம்’ எனலாம். கட்டடப் பெயர்களில் வரும் கோட்டத்தோடு இதை யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை.

வரையறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இழப்பு வேறு, கோட்டம் வேறு. தற்செயலாகப் பலர் குறைந்தால் துல்லியம் குறையுமேயன்றி முடிவு கோணாது. நோய் கடுமையானவர்கள் மிகுதியாக விடுபட்டால் சிகிச்சை மெய்யளவைவிடச் சிறந்ததாகத் தோன்றும். குணமடைந்தவர்கள் ‘இனி எதற்கு’ என்று வராமலிருந்தால் நேர்மாறாகும். மனச்சோர்வுக்கான ‘ஸ்டார்-டி’ ஆய்வு 2006இல் வெளியிட்ட, நான்கு சிகிச்சைக் கட்டங்களில் 67 விழுக்காட்டினர் குணமடைவர் என்ற கணக்கு, இடையில் வெளியேறியவர்களும் தொடர்ந்திருந்தால் மற்றவர்களைப் போலவே குணமடைந்திருப்பர் என்ற எடுகோளின்மேல் நிற்பது. ஆய்வாளர்களே அதைக் கோட்பாட்டளவிலான மதிப்பீடு என்றுதான் குறித்தார்கள். எடுத்தாண்டவர்கள் பலர் எடுகோளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கொண்டுபோனார்கள்.

இழப்புக்கான காரணம் முந்தைய பதிவுகளில் இருந்தால், விடுபட்டவர்களை ஒத்த, எஞ்சியிருப்போருக்குக் கூடுதல் எடையிட்டுத் திருத்தலாம். ஆனால் கடைசி நேர்காணலுக்குப் பின் நிலை மோசமாகி, அதனாலேயே வராதவரின் மதிப்பெண் நம்மிடம் இல்லை. விளக்க வேண்டியதே விடுபட்டிருக்கிறது. விடுபட்ட மதிப்பே விடுபாட்டுக்குக் காரணமாகும், ஆங்கிலத்தில் ‘மிஸ்ஸிங் நாட் அட் ரேண்டம்’ எனப்படும் இவ்வகையைத் ‘தன்சார் விடுபாடு’ எனலாமா? ‘தற்செயலற்ற விடுபாடு’ என்பது நேர்பெயர்ப்பு; முந்தைய பதிவுகளால் விளக்கத்தக்கதும் தற்செயலற்றதே என்பதால் அதை நான் ஏற்கவில்லை.